யோகராஜா மலைக்குப் போன பத்து நாள்

லண்டன் கனிங் ரவுணில் மீன் வெட்டும் கொம்பனியில் செபமாலைமுத்துவை எல்லாரும் யோகா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்து வருசத்துக்கு மேலாக அந்தப் பெயருக்குத்தான் அவன் திரும்பிப் பார்த்தான். சம்பளத் துண்டில் யோகராஜா, உடுப்பு மாற்றும் அலுமாரியில் யோகராஜா, வருசத்துக்கொரு தரம் கந்தோரிலிருந்து வரும் பிறந்தநாள் வாழ்த்து மட்டையிலும் யோகராஜா. அந்தப் பிறந்தநாள்கூட அவனுடையது இல்லை.

எண்பத்தாறு ஆனியில் லண்டனில் வந்து இறங்கிய இரண்டாம் கிழமையே அவன் வேலைக்குப் போனான். அகதி மனுக் கொடுத்தவன் ஆறு மாதத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். ஆறு மாதம் சாப்பிடாமல் கிடக்கும்படி வயிற்றுக்கு யாரும் சட்டம் போடவில்லை. அப்போது கோலியர்ஸ் வுட்டில் மினிகாப் வாடகைக் கார் ஓடிக்கொண்டிருந்த யோகராஜாதான் கை கொடுத்தான். ஊரிலேயே பழக்கம். படிக்க வந்து, படிப்பை விட்டு, எப்படியோ பிரிட்டிஷ் பாஸ்போட்டும் எடுத்துவிட்டவன்.

"என்ர வேலை நம்பர் சும்மாதானே கிடக்கு, முத்தண்ணை. கொண்டுபோய் வேலையைச் செய்யுங்கோ. சனிக்கிழமையில ஒரு மீன் தந்தாக் காணும்" என்றான்.

வேலை செய்யலாம் என்ற அனுமதி முத்துவின் சொந்தப் பெயரில் வர எட்டு மாதம் எடுத்தது. அதற்குள் அவன் அங்கே யோகராஜாவாகி வேர் விட்டுவிட்டான். போய் உண்மையைச் சொன்னால் வேலை போகும். கள்ளப் பெயரில் வேலை செய்தவன் என்று மனுவும் போகும். இப்போது மனு ஒரு தரம் நிராகரிக்கப்பட்டு அப்பீலில் கிடந்தது. அடுத்த ஆடியில் விசாரணை. அதுவரைக்கும் அவன் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழக்கூடாது என்று லோயர் சொல்லியிருந்தார். நாட்டை விட்டு வெளியே காலும் வைக்கக்கூடாது. வைக்க அவனிடம் பாஸ்போட்டும் இல்லை. கூட்டி வந்த ஏஜென்சிக்காரன் தந்ததை ஏஜென்சிக்காரனே விமான நிலையத்தில் திருப்பி வாங்கிக்கொண்டான். கையில் இருந்தது படம் ஒட்டிய ஒரு கடதாசி. எந்த நேரமும் பிடித்து அடைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது.

கொம்பனி முதலாளி ஷிமாடா. எழுபது வயது. ஜப்பானில் கமிசாவா என்ற மலைக்கிராமத்தில் பிறந்து, பதினைந்து வயது வரைக்கும் கடலைக் காணாதவர். இப்போது லண்டனில் உள்ள ஜப்பான் சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு மீன் கொடுக்கிறார். திங்கட்கிழமை விடிய ஆறு மணிக்கு இருபத்திமூன்று பேரும் றப்பர் பூட்சோடு மேசைகளுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அவர் இரண்டு வார்த்தை பேசுவார், எல்லாரும் தலை குனிவார்கள், பிறகு கத்தி. இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஒரு நாளும் லீவு எடுக்காமல் ஐந்து வருசம் நின்றவனைத் தன்னுடைய ஊருக்கு அனுப்புவார். பத்து நாள். மலை ஏறி, கோயிலைக் கும்பிட்டு, தங்கச்சி ஃபுமி வீட்டில் தங்கி வரலாம். வந்த திங்கட்கிழமை, போன கதையை வரிசைக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

லீவு எடுத்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கடதாசி கேட்பார்கள் என்ற பயத்தில் முத்து காய்ச்சலோடும் வேலைக்குப் போனவன். அந்தப் பயத்துக்குத்தான் தொண்ணூற்றொன்று ஐப்பசியில் பரிசு கிடைத்தது. ஷிமாடா இரண்டு கையாலும் ஒரு கவரை நீட்டினார். உள்ளே தானே பேனாவால் வரைந்த வழிப்படம். பஸ் நிற்கும் இடம், பாலம், கேதுரு மரக் காடு, கல்வாசல், அறுநூற்றுப் பன்னிரண்டு படி, மேலே கோயில்.

கந்தோரில் இருக்கிற அயர்லாந்துக்காரி கத்தரினிடம் போய், "இதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாதா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"விமான ரிக்கெற் போட்டாயிற்று, யோகா. பாஸ்போட்டில் இருக்கிறபடி பெயரையும் நம்பரையும் இதில் எழுதித் தா. காணும்" என்றாள் அவள்.

அன்று பின்னேரம் பிளேஸ்டோவில் அவன் இருந்த வீட்டு மேல் அறைக்கு யோகராஜா வந்தான். முத்துவின் மனைவி எமில்டா தையல் மெசினில் கூலிக்குக் காற்சட்டைப் பொக்கெற் தைத்துக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"உதுக்கேன் யோசிக்கிறியள்? பேர் என்ர. நம்பர் என்ர. ரிக்கெற்றும் என்ர பேரில. நான் போறன்" என்றான் யோகராஜா.

"அங்க படம் எடுத்து அனுப்பினா?" என்றாள் எமில்டா.

"சாமி கும்பிடப் போற இடத்தில படம் எடுக்கிறது எங்கட வழக்கமில்லை எண்டு சொல்லுவன், அக்கா. ஜப்பான்காரன் வழக்கம் எண்டு சொன்னா வாய் திறக்கமாட்டான்."

"நீ போனா இவர் எங்க போறது? கொம்பனிச் சனம் முழுக்க இந்த றோட்டிலதானே திரியுது. ஜப்பானில நிக்கிற மனிசன் பிளேஸ்டோவில பாண் வாங்கினா என்ன நினைப்பினம்?"

"என்ர றூமில நிக்கட்டும். கோலியர்ஸ் வுட்டில ஒருத்தனுக்கும் முத்தண்ணையைத் தெரியாது. அரிசி கிடக்கு, ரீவி கிடக்கு. எனக்குக் கிடைக்காத லீவு."

முத்து வழிப்படத்தை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யோகராஜா விமானம் ஏறிய அன்றே முத்து கோலியர்ஸ் வுட்டில் போய் அடைந்தான். அறை என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒராள் பக்கவாட்டாக நடக்கும் அளவு. ஜன்னல் பின்வளவைப் பார்த்தது. கடைக்குப் போவோம் என்று முதல் நாள் படியிறங்கினான். றோட்டு மூலையில் கொம்பனியின் வெள்ளை வான் சிக்னலுக்கு நின்றது. விம்பிள்டனில் ஜப்பான் சனம் கனக்க, அங்கே கிழமையில் மூன்று தரம் மீன் போகிறது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வந்த வழியே திரும்பி ஏறிப் படுத்தான். அதற்குப் பிறகு பத்து நாளும் இறங்கவில்லை.

ஊரில் வலை இழுத்தவன், இங்கே ஒரு நாளுக்கு நாற்பது பெட்டி சால்மன் மீன் வெட்டுகிறவன். வேலையில்லாத உடம்பு என்னவென்று அவனுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் முதுகு நொந்தது. நாலாம் நாள் யோகராஜாவின் கறிக்கத்தியை எடுத்துத் தீட்டித் தீட்டி வைத்தான். அரிசியை அவித்து உப்போடு சாப்பிட்டுவிட்டு, வழிப்படத்தைச் சுவரில் குத்தி வைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பார்க்கப் பார்க்க அது படமாக இருக்கவில்லை. பாலம் தாண்டினால் இடப்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேல் கரடி நடமாடும் இடம் என்று ஷிமாடா ஒரு சின்னக் கரடி கீறியிருந்தார். இருநூறாவது படியில் இளைப்பாற ஒரு கல். கிழவர் இங்கிலிசில் எழுதியிருந்தார்: 'அம்மா இந்தக் கல்லில் குந்தியிருந்து விறகைத் தோள் மாற்றுவாள்.' தோளில் பாரம் சுமப்பது என்னவென்று முத்துவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழாம் நாள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே நின்ற இடத்திலேயே காலை உயர்த்தி உயர்த்தி அறுநூற்றுப் பன்னிரண்டு தரம் மிதித்தான். கீழ் வீட்டுக்காரன் விளக்குமாற்றால் கூரையில் இடித்தான்.

ஒரு தரம் அந்த இடத்தைப் பார்த்தால் என்ன என்ற நினைப்பு அங்கேதான் பிடித்தது. ஐந்து வருசமாக எங்கேயும் போக வேண்டும் என்று அவன் நினைத்ததில்லை. போக ஏலாதவன் நினைத்து என்ன பயன்.

யோகராஜா ஞாயிறு மத்தியானம் வந்து இறங்கி நேரே பிளேஸ்டோவுக்கு வந்தான். மூக்கு ஒழுகியது, கண் சிவந்திருந்தது. முத்துவும் அப்போதுதான் வந்து முகம் கழுவியிருந்தான். அடுத்த நாள் விடிய ஆறு மணிக்கு வரிசைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

"சொல்லு" என்றான்.

"என்னத்தைச் சொல்ல? மலை, மரம், குளிர். அவ்வளவுதான் அங்க."

"ரெயினால இறங்கினதிலயிருந்து சொல்லு. பஸ் என்ன நிறம்?"

"விசரே முத்தண்ணை உங்களுக்கு?"

"நிறத்தைச் சொல்லு."

"பச்சையோ... பச்சைதான். வெள்ளைக் கோடு."

"அந்த மனிசியின்ர வீட்டுக் கதவு உள்ளுக்குத் திறக்கிறதோ வெளியால திறக்கிறதோ?"

"ரெண்டும் இல்லை. பக்கத்தால இழுக்கிறது. கடதாசிக் கதவு. நான் ஒருக்கா விரலால ஓட்டை போட்டிட்டன். அதையும் சொல்லுங்கோ."

எமில்டா மெசினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "இவரை அந்த இமிக்கிறேசன்காரன் எப்பிடிக் கேட்டானோ, அப்பிடியே உன்னை இவர் கேக்கிறார்."

அது உண்மைதான். எண்பத்தொன்பதில் நடந்த நேர்முகத்தில், ஊரில் ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போன ஜீப் என்ன நிறம், அறைக் கதவு எந்தப் பக்கம் திறந்தது, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்கள். முகத்தில் சாக்கைப் போட்டு மூடிக் கொண்டுபோனவனுக்கு நிறம் எப்படித் தெரியும். நினைவில்லை என்றான். உண்மையாகவே அனுபவித்தவனுக்கு இவை மறக்காது என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். நம்ப வைக்க வேண்டுமென்றால் நிறம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும், கதவு திறக்கும் பக்கம் வேண்டும் என்று அவன் படித்தது அன்றுதான்.

"படி எத்தினை?"

"எண்ணிக்கொண்டே ஏறுவினம்?"

"அறுநூற்றுப் பன்னிரண்டு. நீ எண்ணாட்டியும் நான் எண்ணினனான். நடக்கேக்க சத்தம் என்ன?"

"மணி. கரடி வராமலிருக்க இடுப்பில ஒரு மணி கட்டி விட்டவை. கிலுங் கிலுங் எண்டு எருமைமாடு மாதிரிப் போனன். பிறகு ஒரு தொட்டி. அகப்பையால தண்ணி அள்ளிக் கை கழுவி, வாய் கொப்பளிக்க வேணும். பல்லுக் கழண்டு விழுற குளிர்."

"கோயில்?"

"சின்னன். வைக்கோல் கயிறு தொங்குது. சிலை ஒண்டும் இல்லை. ரெண்டு தரம் குனிய வேணும், ரெண்டு தரம் கை தட்ட வேணும், பிறகும் ஒருக்காக் குனிய வேணும்."

"நீ அங்க நிண்டு என்ன செய்தனி?"

யோகராஜா கைலேஞ்சியை எடுத்து நெடுநேரம் மூக்குச் சீறினான். "எல்லாரும் செய்யிறதுதான். கும்பிட்டிட்டு இறங்கினன்."

பொழுது படும் வரைக்கும் முத்து கேட்டான். சோற்றோடு தந்த ஊறுகாயின் நிறம், போர்வையின் மணம், எந்தக் காலில் கொப்பளம். ஃபுமி அம்மாவுக்கு ஒரு பல் தங்கம் என்பதுவரை கறந்துவிட்டான்.

திங்கட்கிழமை வரிசைக்கு முன்னால் அவன் நன்றாகவே சொன்னான். இங்கிலிஸ் நொண்டியது, கதை நொண்டவில்லை. பச்சை பஸ்ஸைச் சொன்னான். மணியைக் கட்டிக்கொண்டு மாடு மாதிரி நடந்ததைச் சொல்ல வரிசை சிரித்தது. இருநூறாம் படிக் கல்லில் தானும் இருந்ததாகச் சொன்னான். யோகராஜா அந்தக் கல்லைக் கண்டிருக்கவே மாட்டான். அதைச் சொல்லும்போது முத்துவின் குரல் இறங்கியது. நடிப்பில்லை. பூட்ஸை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றவர்கள்கூட அசையாமல் கேட்டார்கள். முடிந்தது என்று தலை குனிந்தான்.

ஷிமாடா கையை உயர்த்தினார். "நீ ஒன்றைச் சொல்லவில்லை."

முத்து குனிந்த தலையை நிமிர்த்தினான்.

"ஃபுமி நேற்று ரெலிபோனில் சொன்னாள். நீ கோயிலுக்கு முன்னால் சட்டையைக் கழற்றினாயாம். பனி தூறிக்கொண்டிருந்ததாம்."

வரிசையில் சிரிப்பு வெடித்தது. யாரோ விசிலடித்தான். ஷிமாடா சிரிக்கவில்லை. "ஏன் கழற்றினாய்?"

எளிய நாய், இதைச் சொல்லாமல் விட்டுவிட்டானே என்று முத்து உள்ளுக்குள் திட்டினான். என்ன நடந்திருக்கும் என்பதும் அந்தக் கணமே விளங்கியது. யாழ்ப்பாணத்துச் சைவக்காரன் கோயில் வாசலைக் கண்டால் சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டுவான். முத்து பாசையூர்க் கத்தோலிக்கன். அந்தோனியார் கோயிலுக்கு இருந்ததில் நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு போனவன். வாழ்நாளில் ஒரு சாமிக்கு முன்னாலும் வெறும் மேலோடு நின்றதில்லை. நல்லூரில் திருவிழா நாளில் றோட்டில் நின்று பார்த்ததோடு சரி.

"எங்கள் ஊரில் ஆம்பிளைகள் சாமிக்கு முன்னால் அப்படித்தான் நிற்பது. சட்டையோடு நின்றால் மரியாதை இல்லை" என்றான்.

"குளிரவில்லையா?"

"குளிர்ந்தது."

குளிரைப் பற்றி அவன் பொய் சொல்லத் தேவையில்லை. ஐந்து வருசமாகக் குளிர் அறைக்குள் பெட்டி தூக்குகிறவன்.

ஷிமாடா தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். வரிசையின் சிரிப்புத் தானாக அடங்கியது. "என் தகப்பன் மார்கழியில் அந்த இடத்தில் அப்படித்தான் நின்று கும்பிடுவார். அவர் செத்து முப்பத்தெட்டு வருசம். பிறகு அந்த ஊரில் ஒருவரும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. உன்னைக் கண்டு பூசாரி தலை குனிந்தாராம். கிழவிகள் அழுதார்களாம்." தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வேலைக்குப் போங்கள்" என்றார். முத்துவை மட்டும் மேலே கந்தோருக்கு வரச் சொன்னார்.

கந்தோரில் அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னார். அந்தக் கதிரையில் வெட்டுக்காரன் எவனும் இருந்ததில்லை. இடுப்பில் கட்டிய ஏப்ரனில் இருந்து மீன் தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது.

"பதினொரு வருசமாக நான் ஊருக்குப் போகவில்லை. பயம். போனால் படியேற வேண்டும், ஏற ஏலாமல் போனால் கிழவனாகிவிட்டேன் என்று ஊர் சொல்லும். உன் கதையைக் கேட்ட பிறகு போக வேண்டும் போல இருக்கிறது. சித்திரையில் போவோம். நீயும் நானும். எனக்குப் பக்கத்தில் நீ நட" என்றார். "வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போட்டைக் கத்தரினிடம் கொடு. இரண்டு ரிக்கெற்றையும் அவள் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகப் போடட்டும்."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கினான்.

மத்தியான இடைவேளையில் றோட்டு மூலை ரெலிபோன் பெட்டிக்குள் நின்று யோகராஜாவைப் பிடித்தான்.

"சேட்டைக் கழட்டினனியோ?"

அந்தப் பக்கம் யோகராஜா மூக்கை உறிஞ்சினான். "கை தானாப் போயிட்டுது, முத்தண்ணை. வாசலைக் கண்டன், மணியைக் கண்டன், கை பொத்தானில நிக்குது. கழட்டி இடுப்பில கட்டினாப் பிறகுதான் பாக்கிறன், மற்றவன் எல்லாம் கோட்டோட நிக்கிறான். உடன போட்டாலும் பழுது. அப்பிடியே நிண்டிட்டன். அந்தத் தடிமன்தான் இது."

"ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது. நீங்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பியள் எண்டு நினைச்சன்."

முத்து விசயத்தைச் சொன்னான். "கிழவரோட நான் போகேலாதோ?" என்று யோகராஜா பழக்கத்தில் கேட்டுவிட்டு, கேட்டது தனக்கே விளங்கி, "ஓம், ஏலாதுதான்" என்றான்.

நாலு இரவும் முத்துவும் எமில்டாவும் அதைத்தான் கதைத்தார்கள். உண்மையைச் சொல்லலாமா என்று அவன் ஒரு தரம் கேட்டான்.

"நல்ல மனிசன் எண்டு சொல்லுறியள். நல்ல மனிசன் எண்டபடியாத்தான் பொறுக்கமாட்டார்" என்றாள் எமில்டா. "வரிசைக்கு முன்னால நிண்டு அவற்ர தகப்பன்ர சாமியை வைச்சுப் பொய் சொன்னனீங்கள். வேலையை விட்டுட்டுப் போ எண்டு மட்டும் சொன்னாப் புண்ணியம். பொலிசுக்குச் சொன்னா? ஆடியில லோயர் என்ன கதைக்கிறது?"

"வேலையை விட்டுட்டு நிண்டா?"

"வேறை எங்க? உங்கட பேரில ஒரு நாள் வேலை செய்த கடதாசி இருக்கோ இந்த நாட்டில? முழங்கால் வருத்தம் எண்டு சொல்லுங்கோ. வயசு போன மனிசன், விளங்கும்."

வெள்ளிக்கிழமை வேலை முடிய அவன் ஏப்ரனைக் கழற்றி, கையை எலுமிச்சம்பழச் சவர்க்காரத்தால் இரண்டு தரம் கழுவிக்கொண்டு மேலே போனான். ஷிமாடாவின் மேசையில் அந்த வழிப்படத்தின் புதுப் பிரதி ஒன்று இருந்தது. பாலத்தடியில் இரண்டு ஆள் கீறியிருந்தார். ஒன்று சின்னன், தடியோடு.

"சேர், எனக்கு முழங்கால் வருத்தம். ஏற ஏலாது."

"எனக்கு இரண்டு முழங்காலும். மெல்ல ஏறுவோம். ஒரு நாள் முழுக்க இருக்கிறது."

"மனைவி தனிய."

"கூட்டி வா. ஃபுமி வீட்டில் அறை இருக்கிறது. கத்தரினிடம் சொல்கிறேன்."

முத்துவுக்கு வியர்த்தது. "பாஸ்போட்டைத் துலைத்துப்போட்டேன்."

"அப்படியா. திங்கட்கிழமை கத்தரின் உன்னோடு பாஸ்போட் கந்தோருக்கு வருவாள். கொம்பனிக் கடிதம் கொடுப்போம். ஒரே நாளில் புதுசு தருவார்கள்." கிழவர் ரெலிபோனைக் கையில் எடுத்தார்.

எந்தக் கதவைச் சாத்தினாலும் இந்த மனிசன் அன்பால் திறந்துவிடுகிறார். இன்னும் ஒரு சாட்டுச் சொன்னால் அதற்கும் உதவி வரும், உதவியோடு ஒரு கந்தோர் வரும், கந்தோரில் யோகராஜாவின் முகத்தைக் கேட்பார்கள். முத்து ரெலிபோனைப் பார்த்தான். கிழவரின் விரல் முதல் எண்ணுக்குப் போனது.

"வேண்டாம்" என்றான். "எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை."

விரல் நின்றது.

"குளிர். சாப்பாடு பிடிக்கவில்லை. படி, படி, படி. அங்கே ஒன்றுமில்லை. ஒரு தரம் போனது காணும். இனி அங்கே போகமாட்டேன்."

"திங்கட்கிழமை நீ அப்படிச் சொல்லவில்லை."

"நீங்கள் ரிக்கெற் போட்டு அனுப்பினீர்கள். நல்லதாகச் சொல்லத்தானே வேண்டும்."

ஷிமாடா ரெலிபோனை வைத்தார். கோபம் இல்லை. கணக்குப் பிழைத்தவர் போலப் பார்த்தார். "அப்படியானால் ஏன் சட்டையைக் கழற்றி நின்றாய்?"

கும்பிடத்தான் என்று சொன்னால் கிழவர் மறுபடி ரெலிபோனை எடுப்பார். அது முத்துவுக்குத் தெரியும்.

"சனம் பார்த்துக்கொண்டு நின்றது" என்றான். "அதுதான்."

மீன் பெட்டி உருட்டும் சத்தம் கீழே கேட்டது. கிழவர் புதுப் பிரதியை எடுத்தார். கிழிக்கவில்லை, கசக்கவில்லை. நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். எழும்பி, வாடிக்கைக்காரரை வழியனுப்புவது போல அளவாகத் தலை குனிந்தார். ஐந்து வருசத்தில் முத்துவுக்கு அவர் அப்படிக் குனிந்ததில்லை. எப்போதும் தோளில்தான் தட்டுவார்.

"சொன்னதற்கு நன்றி, யோகராஜா. திங்கட்கிழமை வழக்கம் போல வா."

பிளேஸ்டோவுக்கு அவன் பஸ் எடுக்கவில்லை. நடந்தே போனான். மழை. அறைக்குள் எமில்டா தைத்துக்கொண்டிருந்தாள். பொக்கெற்றுகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. அவள் மெசினை நிறுத்தாமலே கேட்டாள்.

"வேலை இருக்கோ?"

"இருக்கு."

"என்ன சொன்னனீங்கள்?"

அவன் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். கட்டிலில் இருக்க இடமில்லை. பொக்கெற்றுகளை ஒரு பக்கம் தள்ளினான்.

"அந்த இடம் பிடிக்கேல்லை எண்டு சொன்னன்."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். மெசின் நின்றது. அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சோற்றைச் சூடாக்க எழும்பினாள்.